இணைமுத்தும் நினைவகமும்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதன் தன்மையை ஆராய்ந்து அறிதல் அறிவுடையார் செயலாகும். கண்ணுக்கு இனிதாய்த் தோன்றுவன எல்லாம் பயன் தருவன அல்ல. விலை மிகுந்தன எல்லாம் தகுதி மிகுந்தனவும் அல்ல. கையில் உள்ள பிற பொருள்களோடு அது பொருந்துமா, மேற்கொண்ட பணிக்கு அது போதுமா என்னும் இரண்டையும் ஆராய்ந்த பின்னரே கைப்பொருளைச் செலவிடுதல் வேண்டும். இவ்வுண்மையைத் தூத்துக்குடிக் கடற்கரையில் முத்து வாணிகம் செய்த முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இன்று கணிப்பொறிக்கு நினைவகம் தேர்ந்தெடுக்க விரும்பும் மாணவரும் அதனை அறிதல் நலம்.

முத்து விளைந்த கடல்

தாமிரபரணியாறு கடலொடு கலக்கும் பகுதியில் கொற்கை என்னும் ஊர் உளது. அது முற்காலத்தில் பாண்டியரின் பெருந்துறையாக விளங்கிற்று. அதன் முத்தைச் சங்கப் புலவர் பலரும் பாராட்டினர். ஆறு கொணர்ந்த வண்டல் படியப் படியக் கடல் விலகிச் சென்றது. கொற்கையும் உள்நாட்டுச் சிற்றூர் ஆயிற்று. பின்னர்த் தூத்துக்குடி முத்துக்குளிப்பின் தலைமையிடமாகத் திகழ்ந்தது. கடலடியில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்று பரதவர் அழைப்பர். தொலாயிரம் பார் என்பது அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று.

1955 முதல் 1961 வரையில் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்புகள் நடைபெற்றன. பின்னர்ப் பார்களில் சிப்பி வளம் குன்றவே அத்தொழில் நின்றுவிட்டது. 1973ஆம் ஆண்டில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பியினுள் செயற்கை முறையில் முத்து விளைவித்து வெற்றி கண்டனர். அடுத்த ஆண்டாகிய 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. அத்துறைமுகம் இந்நாளில் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சல்லடையும் இணையும்

சிப்பியினின்று எடுக்கப்பெறும் முத்துகள் ஒரே தன்மையின அல்ல. சில பெரியன, சில சிறியன. சில உருண்டை, சில கோணல். அவற்றை வகைப்படுத்துவதற்கு மன்னார் வளைகுடா முத்து வாணிகர் பித்தளையால் ஆன சல்லடைக் கிண்ணங்கள் பத்து வைத்திருந்தனர். முதற்கிண்ணத்தில் 20 துளைகள் இருக்கும். அடுத்தடுத்த கிண்ணங்களில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என்று துளைகள் மிகும். பத்தாவதில் 1000 துளைகள் உண்டு. துளைகளின் எண்ணிக்கை மிகுந்தோறும் ஒவ்வொரு துளையும் சிறிதாகும் என்பது வெளிப்படை.

20 முதல் 80 வரையிலான கிண்ணங்களில் தங்கிய முத்துகள் ‘மேல்’ எனப்பட்டன. அவற்றை அடுத்த கிண்ணங்களில் தங்கியவை ‘வடிவு’ எனப்பட்டன. அதற்கும் கீழே தங்கியவை ‘தூள்’ எனப்பட்டன. இவ்வாறு அளவு கண்டபின் உருட்சியும் ஒளியும் நோக்கி மீண்டும் பிரித்தனர். உருட்சியும் ஒளியும் குறைவற நிரம்பிய முத்தே ஆணிமுத்து ஆகும்.

ஆயினும், ஆணிமுத்து ஒன்று கிடைத்த அளவிலே காதணி அமைந்துவிடாது. இரு காதுக்கும் இரு முத்து வேண்டும். அவை அளவாலும் ஒளியாலும் ஒத்திருத்தல் வேண்டும். பெருமுத்து ஒன்றும் சிறுமுத்து ஒன்றும் கொண்டு காதணி செய்தால் பெருமுத்தின் பெருமையும் கெடும். ஆதலின், முத்துக்கு இணை தேடுதல் வாணிகத்தின் நுண்ணிய பகுதியாக இருந்தது. தனித்த சிறப்பு வேறு, பொருத்தம் வேறு. இவ்வேறுபாடே கணிப்பொறியின் நினைவகத்தைத் தேர்வதற்கும் அடிப்படையாகும்.

நினைவகம் என்பது யாது?

கணிப்பொறியின் உள்ளே கணக்கிடும் உறுப்பு செயலி எனப்படும். செய்திகளை நெடுங்காலம் காத்து வைப்பது சேமிப்பு வட்டு. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, அப்போதைக்கு வேண்டிய செய்திகளை மட்டும் ஏந்தி நிற்பது நினைவகம். கடைத்தெருவில் இதனை ‘ரேம்’ என்பர்.

துறைமுகத்தைக் கண்டவர்க்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் எளிது. ஏற்றுமதிக்கு உரிய மூட்டைகள் முதலில் கிடங்கில் அடுக்கப்படும். கப்பல் வந்ததும் அவை கப்பல் அணையும் தளத்திற்குக் கொண்டுவரப்படும். தளத்திலிருந்து பளுதூக்கி அவற்றைக் கப்பலில் ஏற்றும். கிடங்கு சேமிப்பு வட்டை ஒத்தது. தளம் நினைவகத்தை ஒத்தது. கப்பல் செயலியை ஒத்தது. தளம் மிகக் குறுகியதாயின், ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டி கிடங்கிற்கு ஓடி ஓடித் திரும்ப வேண்டிவரும். கப்பல் எத்துணைப் பெரிதாயினும் அது காத்துக் கிடக்கும். நினைவகம் போதாத கணிப்பொறி தயங்கித் தயங்கி இயங்குவது இதனாலேயாம்.

நினைவகம் முற்காலத்தில் இன்றுள்ள வடிவில் இல்லை. பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த டிஃப்ராக் என்னும் கணிப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கிற்று. அதன் நினைவகம் நுண்ணிய காந்த வளையங்களால் ஆனது. முத்தைக் கோப்பதுபோல் ஒவ்வொரு வளையத்தின் துளையிலும் மெல்லிய கம்பிகளை நுழைத்துப் பின்னியிருந்தனர். வளையம் ஒன்று ‘பிட்’ என்னும் ஒரு நுண்செய்தியைத் தாங்கும். பிட் என்பது ஒன்று அல்லது சுழியம் என்னும் இரண்டனுள் ஒன்று. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். டிஃப்ராக் 40 பிட் கொண்ட சொற்கள் 2048ஐ நினைவில் வைத்தது. இக்காலக் கணக்கில் அது 10 கிலோபைட்டே ஆகும். இன்று மாணவர் ஒருவர் மேசையில் வைக்கும் கணிப்பொறியில் 16 ஜிகாபைட் நினைவகம் இருப்பது இயல்பு. அது டிஃப்ராக்கின் நினைவகத்தைப்போல் பதினாறு இலட்சம் மடங்கிற்கும் மேற்பட்டது.

இம்மாற்றத்திற்கு வழி வகுத்தவருள் ஒருவர் அமெரிக்க நாட்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இராபர்ட் டென்னார்டு ஆவார். ஒரு சிறு மின்தேக்கியும் ஒரு டிரான்சிஸ்டரும் சேர்ந்து ஒரு பிட்டைக் காக்கும் முறையை அவர் 1966இல் கண்டார். 1968இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. அதில் நிரப்பிய மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். ஆதலின், ஒவ்வொரு நொடியிலும் பதினைந்து முறைக்குக் குறையாமல் அதனைப் படித்துப் படித்து மீண்டும் நிரப்புகின்றனர். மின்சாரம் நின்றால் நிரப்புதலும் நிற்கும்; நினைவும் அழியும். கணிப்பொறியை அணைக்கு முன் எழுதியதைச் சேமித்து வைத்தல் வேண்டும் என்று ஆசிரியர் கூறுவதன் காரணம் இதுவே.

முதலாவது: வகை பொருந்துதல்

நினைவகச் சில்லுகளை ஒரு நீண்ட தகட்டில் வரிசையாகப் பதித்து விற்கின்றனர். தகட்டின் அடியில் பொன்முலாம் பூசிய தொடுமுனைகள் உள. கணிப்பொறியின் எல்லா உறுப்புகளையும் தாங்கும் தாய்ப்பலகையில் உள்ள செருகுவாயில் இத்தகட்டைப் பொருத்துவர்.

இக்காலத்தில் வழங்கும் நினைவகம் டி.டி.ஆர். என்னும் குடும்பத்தைச் சார்ந்தது. அக்குடும்பத்தில் ஐந்து தலைமுறைகள் தோன்றியுள்ளன. முதல் தலைமுறைக்கு 184 தொடுமுனைகள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 240. நான்காவதாகிய டி.டி.ஆர்.4 2014இல் கடைகளுக்கு வந்தது, அதற்கு 288. ஐந்தாவதாகிய டி.டி.ஆர்.5க்கு 2020இல் அளவை வகுத்தனர்; அதற்கும் 288. எண்ணிக்கை ஒத்திருத்தலின் நான்கையும் ஐந்தையும் மாற்றிப் பொருத்தலாம் என்று கருதுதல் பிழை. தகட்டின் அடியில் உள்ள வெட்டு இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது. மின்னழுத்தமும் வேறு. நான்காம் தலைமுறைக்கு 1.2 வோல்ட், ஐந்தாம் தலைமுறைக்கு 1.1 வோல்ட். மாறான தகட்டை வலிந்து அழுத்தினால் தகடும் கெடும், செருகுவாயும் உடையும்.

எனவே, கடைக்குச் செல்லுமுன் தாய்ப்பலகையின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகைத் தாய்ப்பலகை டி.டி.ஆர்.4ஐ ஏற்கும், ஏ.எம்.5 வகை டி.டி.ஆர்.5ஐ மட்டுமே ஏற்கும். இன்டெல் நிறுவனத்தின் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலிகள் இரண்டினையும் ஏற்க வல்லன. எனினும் அவற்றிற்கு உரிய தாய்ப்பலகைகளில் பெரும்பாலானவை இரண்டனுள் ஒன்றற்கே செருகுவாய் கொண்டவை. மடிக்கணிப்பொறிக்கு உரிய தகடு குட்டையானது; அது மேசைக் கணிப்பொறியில் பொருந்தாது. தாய்ப்பலகை செய்வோர் தம் பலகையோடு சோதித்துப் பார்த்த நினைவகங்களின் பட்டியலை வெளியிடுகின்றனர். அப்பட்டியலில் உள்ளதை வாங்குதல் அச்சமற்ற வழியாகும்.

இரண்டாவது: அளவு

வகை பொருந்திய பின் அளவை எண்ணுதல் வேண்டும். விண்டோஸ் 11 என்னும் இயக்க அமைப்புக்கு வேண்டிய மிகக் குறைந்த அளவு 4 ஜிகாபைட். அஃது உயிர் தாங்கும் உணவே அன்றி உடல் வளர்க்கும் உணவு அன்று. கடிதம் எழுதுதல், பாடம் படித்தல், இணையத்தில் செய்தி தேடுதல் ஆகியவற்றிற்கு 8 ஜிகாபைட் ஒருவாறு போதும். நிரல் எழுதப் பயிலும் மாணவர்க்கும் பல பணிகளை ஒருங்கே செய்வார்க்கும் 16 ஜிகாபைட் தக்கது. அசையும் படங்களைத் தொகுப்பார்க்கும் முப்பரிமாண வரைபடம் வரைவார்க்கும் 32 ஜிகாபைட்டோ அதற்கு மேலோ வேண்டும்.

தேவைக்கு மேற்பட்ட நினைவகம் வெறுமனே கிடக்குமேயன்றி விரைவைக் கூட்டாது. பத்து மூட்டை ஏற்றும் தோணிக்கு ஆயிரம் மூட்டை கொள்ளும் தளம் எதற்கு? தேவைக்குக் குறைந்ததோ நாள்தோறும் துன்பம் தரும். ஆதலின், செய்யும் பணியை முதலில் எண்ணி அளவைப் பின்னர்க் குறித்தல் முறை.

மூன்றாவது: விரைவும் தாமதமும்

நினைவகத் தகட்டின் மேல் 3200, 3600, 6000 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3200 என்பது நொடிக்கு 320 கோடி முறை செய்தி கைமாறும் என்பதைக் குறிக்கும். ஒவ்வொரு முறையும் 8 பைட் செல்லும். எனவே நொடிக்கு 2,560 கோடி பைட் செல்ல வல்ல பாதை அது.

இவ்வெண் ஒன்றையே நோக்கி ஏமாறுதல் கூடாது. ‘சி.எல்.’ என்னும் எழுத்துகளை அடுத்து மற்றோர் எண் உண்டு. செய்தி வேண்டும் என்று செயலி கேட்டபின், அது வரத் தொடங்குவதற்குள் எத்தனை துடிப்புகள் கழியும் என்பதை அவ்வெண் காட்டும். துடிப்பின் எண்ணிக்கை கைமாறும் எண்ணிக்கையில் பாதியாகும். 3200 வகையில் நொடிக்கு 160 கோடித் துடிப்புகள். அதன் சி.எல். 16 ஆயின், தாமதம் 10 நேனோ நொடி. ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நேனோ நொடி ஆகும். 6000 வகையில் சி.எல். 30 ஆயின், தாமதம் அதே 10 நேனோ நொடி. அவ்வகையிலேயே சி.எல். 40 ஆயின் தாமதம் 13 நேனோ நொடிக்கு மேலாகிவிடும். இரண்டு தகடுகளிலும் பெரிய எழுத்தில் காண்பது 6000 என்னும் ஒரே எண்ணேயாம். உள்ளே இருக்கும் தன்மை வேறு.

சி.எல். எண்ணை இரண்டாயிரத்தால் பெருக்கி, விரைவு எண்ணால் வகுத்தால் தாமதம் நேனோ நொடியில் கிடைக்கும். இவ்வெளிய கணக்கை அறிந்த மாணவரை விளம்பரம் மயக்காது.

ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த சில்லுகளுள் விரைவு வேறுபடுவது ஏன் என்னும் ஐயம் எழலாம். சிலிக்கன் வட்டு ஒன்றில் நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒருங்கே உருவாகின்றன. ஒரே பாரில் விளைந்த முத்துகள் ஒரே தன்மையின அல்லாமைபோல, ஒரே வட்டில் விளைந்த சில்லுகளும் ஒரே தன்மையின அல்ல. அவற்றை மின்னாற்சோதித்து, மிகு விரைவைத் தாங்குவனவற்றை ஒரு வகையாகவும், அதனைத் தாங்காதனவற்றை வேறு வகையாகவும் பிரிக்கின்றனர். பித்தளைச் சல்லடைக்குப் பதிலாக இங்கு மின்சோதனை நிற்கிறது, வேறுபாடு அவ்வளவே.

நான்காவது: இணை

மேசைக் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவற்றில் செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே இரண்டு பாதைகள் உள. ஒரே தகட்டைப் பொருத்தினால் ஒரு பாதை மட்டுமே பயன்படும். மற்றொன்று வெறிதே கிடக்கும். இரண்டு தகடுகளை உரிய இடங்களில் பொருத்தினால் இரண்டு பாதைகளும் ஒருங்கே இயங்கும். இரு பளுதூக்கிகள் ஒரே கப்பலில் மூட்டை ஏற்றுவதை இஃது ஒக்கும். 3200 வகைத் தகடு இரண்டும் சேர்ந்து நொடிக்கு 5,120 கோடி பைட் செலுத்த வல்லன. எனவே 16 ஜிகாபைட் வேண்டுவோர் 16 கொண்ட ஒரு தகட்டைவிட 8 கொண்ட இரு தகடுகளை வாங்குதல் பெரும்பாலும் சிறந்தது. வரைகலைக்குத் தனி அட்டை இல்லாத கணிப்பொறியில் இதன் பயன் மிகத் தெளிவாய்த் தெரியும். ஏனெனில், அங்கே படம் வரையும் பகுதியும் இந்நினைவகத்தையே பகிர்ந்து கொள்கிறது.

அவ்விரு தகடுகளும் எத்தகையன ஆதல் வேண்டும்? இங்கேதான் இணைமுத்தின் நெறி பயன்படுகிறது. நினைவகம் செய்வோர் ஒத்த தன்மையுடைய தகடுகளை ஒன்றாகச் சோதித்து, ஒரே உறையில் இட்டு விற்கின்றனர். அத்தொகுதியை வணிகர் ‘கிட்’ என்பர். தமிழில் இணைத்தொகுதி எனலாம். தனித்தனியே வாங்கிய இரு தகடுகளைப் பொருத்தினால், விரைவுடையது தன் விரைவை விட்டு மற்றதன் நடைக்கு இறங்கி வரும். சிலபோது இரண்டும் ஒத்துச் செல்லாமல் கணிப்பொறி இயங்காமலே நிற்றலும் உண்டு. ஒரே நிறுவனம், ஒரே எண் உடைய தகடுகளாயினும், வெவ்வேறு காலத்தில் வாங்கியவற்றின் உள்ளே வெவ்வேறு சில்லுகள் இருத்தல் கூடும். உறையின் நிறம் ஒத்திருப்பது இணைக்குச் சான்று ஆகாது.

நான்கு செருகுவாய் உள்ள பலகையில் நான்கையும் நிரப்புதல் எப்போதும் நன்று என்பதும் இல்லை. டி.டி.ஆர்.5 வகையில் நான்கு தகடுகளைப் பொருத்தினால் விரைவு குறைதல் இயல்பு. ஆதலின், பிற்காலத்தில் மிகுதி வேண்டும் என்று எண்ணுவோர் முதலிலேயே போதிய அளவுடைய இரு தகடுகளை வாங்குதல் நலம்.

பொருத்தும் முறை

நினைவகத்தைப் பொருத்துமுன் மின்னிணைப்பை நீக்குதல் வேண்டும். கணிப்பொறிக் கூட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடலில் தங்கிய நிலைமின்சாரத்தைப் போக்குதல் வேண்டும். தகட்டை அதன் ஓரங்களில் பிடித்தல் வேண்டும். பொன்முனைகளைத் தொடுதல் ஆகாது. தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. அவை உலோகத்தை அரிக்க வல்லன. வாங்கிய தகட்டைத் திறந்த மேசையில் பல நாள் போட்டு வைக்காமல், பொருத்தும் வரையில் உறையிலேயே காத்தல் வேண்டும்.

நான்கு செருகுவாய் உள்ள பலகையில் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் இரு தகடுகளைப் பொருத்துவது பெருவழக்கு. எனினும் பலகையோடு வரும் கையேட்டைப் பார்த்துத் தெளிதல் வேண்டும். செயலியைக் குளிர்விக்கும் விசிறி பெரிதாயின், உயரமான தகடு அதன்கீழ் இடிக்கும். எனவே தகட்டின் உயரத்தையும் முன்னரே அளந்து கொள்க.

பொருத்திய பின் ஒரு செயல் எஞ்சியுள்ளது. மிகு விரைவுத் தொகுதிகள் தம் முழு விரைவில் தாமே ஓடுவதில்லை. 3200 என்று எழுதிய தொகுதி முதலில் 2133, 2400, 2666 போன்ற குறைந்த விரைவில் இயங்குதல் உண்டு. கணிப்பொறியின் தொடக்க அமைப்பில் இன்டெல் முறையில் எக்ஸ்.எம்.பி., ஏ.எம்.டி. முறையில் எக்ஸ்போ என்னும் பகுதியை இயக்கினால்தான் குறித்த விரைவு கிடைக்கும். இதனை அறியாமல், காசு கொடுத்து வாங்கிய விரைவைப் பல ஆண்டுகள் பயன்படுத்தாமலே விட்டவர் உளர்.

பிழையறியாப் பிழை

பொருத்திய நினைவகத்தைச் சோதித்தல் இன்றியமையாதது. வட்டு கெட்டால் கணிப்பொறி கூவி அறிவிக்கும். நினைவகம் சிறிது கெட்டாலோ, அது பெரும்பாலும் வாய் திறவாது. பொய்யை மெய்போல் கூறும். எழுத்துகளையும் இலக்கங்களையும் கணிப்பொறி பிட்டுகளாகவே எழுதுகிறது. அம்முறையில் 1 என்னும் இலக்கத்திற்கும் 9 என்னும் இலக்கத்திற்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட் ஆகும். மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஓர் உறுப்பினர் பெற்ற கடன் 1,000 ரூபாய் என்று எழுதப்பட்டுள்ளது எனக் கொள்க. நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால், அது 9,000 ரூபாய் எனச் சேமிக்கப்படுதல் கூடும். எழுதியவர் மேல் பிழையில்லை. வாங்கியவர் மேலும் பிழையில்லை. ஆயினும் ஓர் ஏழைக் குடும்பம் வாங்காத கடனுக்கு விடை சொல்ல நேரும்.

இத்தகைய இடர் நேராமல், பெரிய கணக்குகளைக் காக்கும் கணிப்பொறிகளில் பிழை திருத்தும் நினைவகத்தை அமைக்கின்றனர். டி.டி.ஆர்.4 வகையில் 64 பிட்டுகளோடு 8 பிட்டுகள் மிகையாகச் சேர்த்து, ஒரு பிட் பிறழ்ந்தால் கண்டு திருத்துவர். வீட்டுக் கணிப்பொறியில் பெரும்பாலும் அவ்வசதி இல்லை. ஆதலின், ‘மெம்டெஸ்ட்’ போன்ற சோதனை நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டுப் பார்த்தல் நன்று. குறித்த விரைவில் ஒரு பிழை தோன்றினும் அத்தொகுதியை ஏற்றல் கூடாது. கடைக்காரரின் பற்றுச்சீட்டைக் காத்து வைத்திருந்தால் அதனைக் கொடுத்து மாற்றிக் கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

தூத்துக்குடியைச் சூழ்ந்த உப்பளங்களில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்க. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். வெயிற்காலம் முழுதும் உவர்நீரில் நின்று ஈட்டிய பணத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்து, பல்தொழில் பயிலும் மகளுக்குக் கணிப்பொறி அமைத்துக்கொடுக்கப் பெற்றோர் முனைகின்றனர். டி.டி.ஆர்.4 ஏற்கும் பழைய தாய்ப்பலகையும் செயலியும் உறவினர் வழியே கிடைத்துவிட்டன. நினைவகம் ஒன்றே வாங்க வேண்டும்.

கடையில் மூன்று பொருள்களை எடுத்து வைக்கின்றனர். முதலாவது, வண்ண விளக்குகள் மின்னும் 32 ஜிகாபைட் டி.டி.ஆர்.5 தொகுதி, காண்பார் கண்ணைக் கவர்வது. இரண்டாவது, வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு பழந்தகடுகள். ஒன்று 3200, மற்றொன்று 2400. விலையோ மிகக் குறைவு. மூன்றாவது, விளக்கும் அழகும் இல்லாத டி.டி.ஆர்.4 இணைத்தொகுதி, 8 ஜிகாபைட் தகடு இரண்டு, விரைவு 3200, சி.எல். 16.

“அப்பா, முதலாவது மிகச் சிறந்ததுதான். ஆனால் அது நம் பலகையில் நுழையவே நுழையாது. இரண்டாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. அதற்குக் கொடுக்கும் காசும் வீணாகலாம். மூன்றாவதே நமக்குப் போதும்” என்று மகள் கூறுகிறாள். தந்தை சிறிது நேரம் எண்ணிப் பார்க்கிறார். “விளக்கு எரிகிறதைக் காட்டிலும் வேலை நடக்கிறது பெரிது, அம்மா. நீ சொல்வதையே வாங்குவோம்” என்று மடியிலிருந்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். அவர் கணிப்பொறி அறியாதவர். ஆயினும் பொருளின் அருமை அறிந்தவர். மகளின் கல்வி தந்தையின் உழைப்பை அன்று காத்தது.

முடிவுரை

நினைவகத்தின் விலை முத்தின் விலைபோல் ஏறியும் இறங்கியும் வரும். இன்று சிறந்ததாய் இருக்கும் தலைமுறை நாளை பழையதாகும். ஆயினும் தேர்வு செய்யும் நெறி மாறாது. வகை பொருந்துதல், அளவு போதுதல், விரைவையும் தாமதத்தையும் சேர்த்து எண்ணுதல், ஒத்த இணையைக் கொள்ளுதல், கொண்டதைச் சோதித்தல் ஆகிய ஐந்துமே அந்நெறி. இவ்வைந்தனையும் உணர்ந்தவர் சிறிய பொருள் செலவிட்டும் பெரும்பயன் பெறுவர்.

பித்தளைச் சல்லடைகளின் ஓசை தூத்துக்குடிக் கரையில் ஓய்ந்துவிட்டது. ஒத்ததை ஒத்ததோடு சேர்க்கும் அறிவு ஓய்தல் வேண்டுவதில்லை.

பயிற்சி

1. முத்துகளை வகைப்படுத்த வாணிகர் கையாண்ட முறையை விளக்குக.
2. துறைமுகத்தின் கிடங்கும் தளமும் கணிப்பொறியின் எவ்வெவ் உறுப்புகளோடு ஒப்பிடப்பட்டுள்ளன? காரணம் தருக.
3. விரைவு 3600, சி.எல். 18 உடைய நினைவகத்தின் தாமதத்தைக் கணக்கிடுக.
4. ஒரே தகட்டினும் இணைத்தொகுதி சிறந்தது ஏன்?
5. நினைவகத்தைச் சோதியாமல் விடுவதனால் விளையும் தீமையை ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.
6. ‘தனித்த சிறப்பு வேறு, பொருத்தம் வேறு’ என்பதை வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்றுடன் பொருத்தி ஒரு பத்தி வரைக.